எழுபது எழுத்துக்குள் ஒரு பட்டறை

"ரெண்டு விஎம்சி வியாழன் வரை சும்மா நிக்குது. எம்எஸ், அலுமினியம் எது வேணா. சாம்பிள் அன்னிக்கே."

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒரு திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது இது. கரும்பச்சைப் பின்னணி. படம் கிடையாது, பூங்கொத்து கிடையாது, கைகூப்பும் பொம்மைகூடக் கிடையாது. மொத்தம் பன்னிரண்டு சொல். (விஎம்சி என்பது உலோகத்தைக் குடையும் கணினி மெஷின், எம்எஸ் என்பது மென் எஃகு.) கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அதை நாலு தடவை படித்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு செய்யுளைக் கொடுத்து 'நயம் பாராட்டுக' என்பார்கள். திரண்ட கருத்து, மோனை, எதுகை, அணி என்று தலைப்புகள் போட்டு, புலவரே நினைத்திராத நயங்களையெல்லாம் அவர் தலையில் கட்டி மதிப்பெண் வாங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட நயம் பார்த்துத்தான் கசக்கிப் போடுகிறேன். ஆகவே இந்தப் பன்னிரண்டு சொல்லை விட்டுவிடுவதாக இல்லை.

முதலில் 'சும்மா நிக்குது'. தொழிற்பேட்டையில் 'மெஷின் நிக்குது' என்று யாராவது சொன்னால் கேட்பவர் முகம் மாறும். மனிதன் நின்றால் இளைப்பாறுகிறான் என்று பொருள். மெஷின் நின்றால் மாதத் தவணை மட்டும் ஓடுகிறது என்று பொருள். வேலை இல்லை என்று நேராகச் சொன்னால் இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடும். 'எங்கள் உற்பத்தித் திறனில் ஒரு பகுதி தற்போது கிடைக்கப்பெறுகிறது' என்றால் யாருக்கும் புரியாது. 'சும்மா' என்ற ஒரு சொல் அந்த வலியைத் தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்லிவிடுகிறது. இந்தச் சொல் இல்லாத மொழிக்காரர்களுடைய பட்டறைகள் என்ன செய்கின்றன என்று தெரியவில்லை.

அடுத்து 'வியாழன் வரை'. இதுவும் கெடு வைப்பதுதான். ஆனால் 'முந்துங்கள்', 'இன்றே கடைசி' என்று யாரையும் நெட்டித் தள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வேறு வேலை வருகிறது, இந்தப் பட்டறைக்கும் ஆள் இருக்கிறார்கள் என்ற செய்தி அதற்குள் ஒளிந்திருக்கிறது. வேலை கேட்டுக்கொண்டே கெத்தையும் விடாமல் இருப்பது எளிதில்லை.

கடைசியாக 'அன்னிக்கே'. இலக்கணத்தில் இதைத் தேற்ற ஏகாரம் என்பார்கள்: உறுதி சொல்லும் ஏ. 'அன்னிக்கு' என்றிருந்தால் தகவல். 'அன்னிக்கே' என்றதும் வாக்கு. மூன்று ஆச்சரியக்குறி போட்டுக் கத்தியிருந்தாலும் இந்த ஒரு நெடில் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். வணக்கம் இல்லை. பட்டறையின் பெயர் இல்லை. ஸ்டேட்டஸின் தலையில் அது தானாகவே நிற்கிறது. தொலைபேசி எண் இல்லை. ஸ்டேட்டஸே அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. 'தரமான', 'நியாயமான விலையில்', 'இருபது வருட அனுபவம்' எதுவும் இல்லை. அந்த ஸ்டேட்டஸைப் பார்க்கிறவர்கள் அவர் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு அனுபவத்தைச் சொல்வது வீட்டுக்காரிக்கு ஆதார் அட்டை காட்டுவது மாதிரி.

இவ்வளவு அழகாக எழுதிய மனிதர்தான் இரண்டு வாரம் கழித்து என்னிடம் வந்து கேட்டார்: "சார், எத்தனை எழுத்து எழுதினா சரி?"

சிறுதொழில் செய்பவர்களுக்கான ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார். வகுப்பெடுத்தவர் வெள்ளைப் பலகையில் எண்களாக எழுதிப் போட்டாராம். முகநூலுக்கு இத்தனை எழுத்து, இன்ஸ்டாகிராமுக்கு இத்தனை, மின்னஞ்சலின் தலைப்புக்கு இத்தனை, உள்ளே இத்தனை சொல். நண்பர் அத்தனையும் படம் பிடித்து வந்திருந்தார். பலகையையே முழுதாகப் பார்த்தேன். ஓர் எண்ணுக்குப் பக்கத்திலும் 'கூட்டல் கழித்தல்' இல்லை.

"உங்க பட்டறைக்கு இப்படி ஒரு டிராயிங் வந்தா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். விட்டம் ஐம்பது என்று மட்டும் போட்டு, டாலரன்ஸ் போடாமல் ஒரு டிராயிங். அவர் சிரித்துவிட்டார். ஐம்பதில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எதற்குள் போய் உட்காரப்போகிறது என்று தெரியாமல் மெஷினில் கை வைக்க மாட்டார்கள். துளையைச் சோதிக்க அவர்களிடம் ஒரு பிளக் கேஜ் இருக்கும். ஒரு முனை 'கோ', மறுமுனை 'நோகோ'. கோ முனை கொஞ்சம் நீளம். உள்ளே போயே ஆக வேண்டும். சிவப்பு அடித்த குட்டை முனை நோகோ. அது போகவே கூடாது. துளை சரி என்பது ஓர் எண்ணில் இல்லை, போகிற ஒன்றுக்கும் போகாத ஒன்றுக்கும் நடுவிலுள்ள இடத்தில் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை ஸ்டேட்டஸில் ஒரு சொல்லை எடுத்தால் ஆடும், ஒன்றைச் சேர்த்தால் இறுகும். அளவு தெரியாமல் அளவாகச் செய்திருக்கிறார்.

அது இருக்கட்டும். 'எத்தனை எழுத்து' என்ற கேள்வியிலேயே ஒரு வேடிக்கை உண்டு. எழுத்து என்றால் யாருடைய எழுத்து?

'திருமுடிவாக்கம்' என்று எழுதிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணினால் எட்டு: தி, ரு, மு, டி, வா, க், க, ம். கைப்பேசி அப்படி எண்ணாது. அதற்குத் 'தி' என்பது தகரமும் ஒரு மேல்விலங்கும். 'ம்' என்பது மகரமும் ஒரு புள்ளியும். அந்தக் கணக்கில் அதே பெயர் 15 குறி. இன்னொரு வேடிக்கை, சாலைப் பலகையில் இருக்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினாலும் 15 எழுத்துதான். மின்னஞ்சல் போகிற யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் பிடிக்கும். அங்கே நம் ஊர் 45 பைட். ஊர் நகரவில்லை, எட்டு, பதினைந்து, நாற்பத்தைந்து என்று எண் மட்டும் ஆளுக்கொரு கணக்காக வீங்குகிறது. யாப்பு தெரிந்தவர்கள் இவர்கள் அத்தனை பேரையும் புறக்கணித்து, நிரை நிரை நேர் நேர், கருவிளந்தண்பூ, நான்கே அசை என்று முடித்துவிடுவார்கள்.

குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற வரம்பு வந்த கதை எனக்குப் பிடிக்கும். ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியர் 1985-இல் பான் நகரத்தில் தம் வீட்டில் தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களையெல்லாம் அடித்து அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160-க்குள் அடங்கின. தபால் அட்டைகளில் மனிதர்கள் எழுதுவதும் டெலெக்ஸில் அனுப்புவதும் ஏறக்குறைய அதே நீளத்தில் இருந்ததைக் கண்டு திருப்தியானார். அந்தத் தட்டச்சுப் பொறியில் 'ழ' இருந்திருக்காது. செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 ஏறியது. தமிழ்க் குறிக்குப் பதினாறு பிட் தேவை; அதே பெட்டியில் எழுபதுதான் ஏறும். எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும். ஒட்டுவதற்கான தகவலும் இடம் பிடித்துக்கொள்வதால் ஒவ்வொரு துண்டிலும் 67-தான் மிஞ்சும். இரண்டு துண்டுக்கு இரண்டு கட்டணம். கடைக்காரர்கள் அனுப்பும் 'தள்ளுபடி'யெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக வந்துகொண்டிருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. எழுபதில் பதினைந்தை ஊர்ப்பெயரே தின்றுவிட்டால் மீதியில் எதை விற்பது?

இந்த எழுபதை வைத்து நண்பரும் நானும் ஒரு விளையாட்டு ஆடினோம். அவருடைய ஸ்டேட்டஸை, இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து எண்ணினால் 92 குறி. குறுஞ்செய்தியானால் இரண்டாக உடையும். எதை வெட்டலாம்? அவர் 'சும்மா'வில் கை வைத்தார். நான் தடுத்தேன். 'எம்எஸ், அலுமினியம் எது வேணா' என்பதைத் தூக்கினோம்.

"ரெண்டு விஎம்சி வியாழன் வரை சும்மா நிக்குது. சாம்பிள் அன்னிக்கே."

63. ஒரே துண்டு, ஏழு குறி மிச்சம். வாசிக்க இன்னும் விறுவிறுப்பாகக்கூட இருக்கிறது. ஆனால் நண்பர் உதட்டைப் பிதுக்கினார். "புதுசா ஒருத்தன் பாத்தான்னா, அலுமினியம் பண்ணுவாங்களான்னு கேக்க ஒரு போன் பண்ணணும். அவன் பண்ண மாட்டான். அடுத்த ஸ்டேட்டஸ் போயிடுவான்." நியாயம். பழைய ஆளுக்கு 63, புது ஆளுக்கு 92. எழுத்து இருபத்தொன்பது கூடினது அலங்காரத்துக்காக இல்லை. ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதற்காக. நூறு பேர் பார்க்கும் சட்டகத்தில் நூறு பேரும் ஒரே அளவில் தெரிந்தவர்கள் இல்லை என்பதை அவர் வெள்ளைப் பலகை இல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறார்.

தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குக் காசு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நிறுத்தப்பட்டபோது எல்லாரும் பழைய சாவுச் செய்திகளை நினைத்துக்கொண்டார்கள். நான் நினைத்துக்கொண்டது வாழ்த்துத் தந்தியை. திருமணம், பண்டிகை, தேர்வு வெற்றி ஒவ்வொன்றுக்கும் ஆயத்த வாசகங்கள் எண் போட்டு இருக்கும். நாம் எண்ணைச் சொன்னால் போதும், அங்கே முழு வாழ்த்தாக விரிந்து போய்ச் சேரும். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'விரைவுப் பதில்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு சாய்கோடு போட்டு 'விலை' என்று தட்டினால் சேமித்து வைத்த பத்தி முழுதும் வந்து விழும். தந்தி குமாஸ்தா நம் கட்டைவிரலுக்குள் குடியேறிவிட்டார். வித்தியாசம் ஒன்றுதான்: அன்றைக்குக் காசு கொடுத்தவருக்கு நீளம் உறைத்தது, இன்றைக்கு நீளத்தின் செலவு படிக்கிறவர் தலையில்.

பேட்டைக்குப் பக்கத்தில் வீட்டிலேயே மெஸ் நடத்தும் ஒரு அக்கா இருக்கிறார். பட்டறைப் பையன்கள் சேர்ந்த குழுவில் தினமும் பதினொரு மணிக்கு அவர் ஒரு செய்தி போடுவார். ஒரு நாள் போட்டது:

"இன்னைக்கு சங்கரா மீன் குழம்பு. ஒன்றரைக்கு மேல வந்தா சாம்பார்தான்."

எட்டே சொல். குறளுக்கு ஏழு சீர்; அக்காவுக்கு ஒன்று கூடிவிட்டது, மன்னிக்கலாம். குறளைப் போலவே இரண்டு அடி: முதலடியில் ஆசை, இரண்டாமடியில் விளைவு. சங்கராவுக்கும் சாம்பாருக்கும் மோனை. மீனுக்கும் சாம்பாருக்கும் முரண். அசைவத்துக்காகக் காத்திருக்கும் வாய்க்கு இதைவிடப் பெரிய முரண் தொடை உண்டா? 'தான்' என்ற இடைச்சொல்லைக் கவனியுங்கள். 'சாம்பார்' என்று விட்டிருந்தால் பட்டியல். 'சாம்பார்தான்' என்றதும் மிரட்டல், கேலி, பாசம், மூன்றும். சாம்பாரைக் கேவலப்படுத்திவிட்டாரே என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மணிக்கே "அக்கா, ரெண்டு மீன் எடுத்து வைங்க, இன்ஸ்பெக்ஷன் வந்திருக்கு" என்று பதில்கள் வரிசையாக வரத்தொடங்கிவிடும். விலை எழுதவில்லை, எல்லாருக்கும் தெரியும். 'சுவையான' எழுதவில்லை, அது நேற்றே தெரியும். பதினொரு மணி என்பதும் செய்தியின் பகுதிதான். ஒன்பது மணிக்குப் போட்டால் காலை டிபன் வயிற்றில் இருக்கும். பன்னிரண்டரைக்குப் போட்டால் பையன்கள் வேறு இடத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். பசி முதல் தடவை கொட்டாவி விடும் நேரம் பதினொன்று.

குரலிலும் நீளம் உண்டு. பம்மல், அனகாபுத்தூர் தெருக்களில் சின்ன டெம்போக்கள் வெங்காயம், பூண்டு, கோலமாவு என்று பதிவு செய்த குரலோடு போகும். நடை வேகத்தில் ஊர்கிற வண்டி முப்பதடி முகப்புள்ள ஒரு வீட்டைத் தாண்ட ஆறேழு விநாடிதான் ஆகும். முன்னும் பின்னும் காதில் விழுகிற தூரத்தைச் சேர்த்தாலும் ஒரு நிமிடம் போல. ஒரு வண்டிக்காரர் பாட்டு, முன்னுரை, 'தாய்மார்களே' எல்லாம் வைத்து நீளமாகப் பதிவு செய்திருந்தார். எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போதெல்லாம் 'தாய்மார்களே' மட்டும் வரும், வெங்காயம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். இன்னொருவர் பொருள், எடை, விலை மூன்றை மட்டும் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் அதையே சொல்வார். எந்த வீட்டு வாசலிலும் ஒரு முழுச் சுற்று விழும். பழைய ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களின் கூவலும் அப்படித்தான் இருந்தது: கொண்டுவர வேண்டியது முதலில், கிடைக்கப்போவது கடைசியில், நடுவில் ஒன்றுமில்லை. விரல் நுனியில் மேலே தள்ளிக்கொண்டே போகிறவனும் ஒரு தெருதான். நம் வண்டி அவனைத் தாண்டுகிறதா அவன் நம்மைத் தாண்டுகிறானா என்பதுதான் மாறியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 2,200 குறி வரை எழுத இடம் தருகிறார்கள். திரையில் முதல் ஓரிரு வரியைக் காட்டிவிட்டு, மீதியை 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த மடிப்புக்கு முன்னாலேயே வெங்காயம் வந்துவிட வேண்டும்.

சுருக்கத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் அதுவும் ஒரு மூடநம்பிக்கை ஆகிவிடும். பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை இரண்டாவதாகவும் வைத்தார். பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது முதல் குற்றமாக வைத்தது குன்றக் கூறலை. மிகைபடக் கூறல் அதற்கு அடுத்துத்தான். நோகோ முனையை அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே செய்து கொடுத்துவிட்டார்.

குன்றக் கூறலுக்கு உதாரணம் தேட அலைய வேண்டாம். புடவை விற்கும் பக்கங்களில் அழகான படத்தைப் போட்டு, கீழே 'விலைக்கு இன்பாக்ஸ்' என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே சுருக்கம் சிக்கனமில்லை, கஞ்சத்தனம். புடவை வாங்குகிறவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சொல் கூடினால் கோபித்துக்கொள்வார் என்று யார் சொன்னது? அவருக்குத் தெரிய வேண்டியது நிறைய: ஐந்தரை மீட்டரா, ரவிக்கைத் துணி சேர்த்தா சேர்க்காமலா, அரக்கு வெயிலில் பார்த்தாலும் அரக்குதானா, சாயம் போகுமா, முந்தியில் இருப்பது நெய்ததா அச்சடித்ததா. அனகாபுத்தூர் போன்ற நெசவு ஊர்க்காரர்களிடம் நேரில் போனால் ஒரு புடவைக்குக் கால் மணி நேரம் பேசுவார்கள். கேட்பவர்கள் கொட்டாவி விடுவதில்லை. ஒரு சின்ன விற்பனைப் பக்கத்தில் ஒரு தடவை படித்தேன்: "கேமராவில் நீலமாகத் தெரிகிறது. நேரில் மயில் கழுத்து. நீலம் என்று நினைத்து வாங்காதீர்கள்." வாங்காதீர்கள் என்று சொல்லி விற்கிற துணிச்சலைப் பாருங்கள். அதற்குக் கீழே பதினைந்து வரி இருந்தது. பதினைந்தையும் படித்தேன், நான் புடவை கட்டுவதில்லை.

நன்னூல் சொல்லும் சென்று தேய்ந்து இறுதல் என்ற குற்றத்துக்கு மின்னஞ்சல்தான் தாய்வீடு. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போய்வருகின்றன. 'டியர் சார்' முடிந்ததும் 'கிரீட்டிங்ஸ் ஃப்ரம்' என்று கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில், இரண்டு ஆச்சரியக்குறியோடு. பிறகு தொடங்கிய ஆண்டு, நோக்கம், தொலைநோக்கு, மெஷின் பட்டியல். கேட்க வந்த விஷயம் நாலாவது பத்தியில் மெலிந்து போய் நிற்கும். அதன்பின் கையொப்பம், சின்னம், 'இந்தக் கடிதம் இரகசியமானது' என்று பத்து வரி எச்சரிக்கை. கடிதத்தின் நிரல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் கத்தரித்து, மீதியைப் பார்க்க இங்கே தட்டவும் என்று சொல்லிவிடும். தாண்டுவது சொற்களால் அநேகமாக இல்லை. சொற்களுக்குப் போர்த்திய சரிகையால்.

அந்தக் கடிதப் பொருட்காட்சிக்கு நடுவில் நண்பர் ஒரு கொள்முதல் அதிகாரிக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினார். அதன் தலைப்பு, 'உங்கள் புஷ் டிராயிங், ஒரு கேள்வி'. உள்ளே, தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

"சார், டிராயிங் பார்த்தோம். உள்விட்டத்துக்கு 0.01 கேட்டிருக்கிறீர்கள். 0.02 போதுமென்றால் விலை குறையும். எது?"

விளம்பரம் என்று இதில் ஓர் அட்சரம் இல்லை. ஆனால் டிராயிங்கை முழுதாகப் படித்திருக்கிறார்கள், எது விலையை ஏற்றுகிறது என்று தெரிந்திருக்கிறது, வாங்குபவர் பணத்தைத் தம் பணமாகப் பார்க்கிறார்கள் என்ற மூன்றும் சொல்லாமலே தெரிகின்றன. நோக்கமும் தொலைநோக்கும் எழுதிய கடிதங்கள் சொல்ல முயன்றதும் அதையே. 'எது?' என்று முடித்ததில்தான் கைவேலை. 'தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி' என்று முடித்திருந்தால் பதில் நாளைக்கு. 'எது?' என்றால் லிஃப்டில் நின்றுகொண்டே ஓர் எண்ணைத் தட்டி அனுப்பிவிடலாம். கேள்வியின் நீளம் பதிலின் நீளத்தை முடிவு செய்துவிடுகிறது. அந்த அதிகாரி அனுப்பிய பதிலும் காட்டினார்: '0.02 ஓகே.'

இந்தப் பேட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் குன்றத்தூர். மலைமேல் முருகன், கீழே சேக்கிழார் பிறந்த ஊர். நீளத்தைப் பற்றி யோசிக்கிறவன் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். சுந்தரர் பதினொரு பாட்டில் அடியார்களின் பெயரைச் சொல்லித் திருத்தொண்டத் தொகை பாடினார். பல பேருக்கு அடைமொழியும் பெயரும்தான் இடம். நம்பியாண்டார் நம்பி அதைத் திருவந்தாதியில் ஏறக்குறைய தொண்ணூறு பாட்டாக விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூர்க்காரர் நாலாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரிய புராணமாக்கினார். ஒரே பட்டியல், மூன்று நீளம். தொகை வரிசையாகப் பாட, அந்தாதி நினைவில் கோத்துக்கொள்ள, புராணம் உட்கார்ந்து கேட்க. சேக்கிழாரிடம் போய்ச் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. சுந்தரரிடம் விரிவாகச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்கவில்லை. ஸ்டேட்டஸில் புராணம் பாடுகிறவர்களையும், கேட்டலாக்கை ஒரு வரியில் முடிக்கிறவர்களையும் குன்றத்தூர்ப் பேருந்தில் ஏற்றி அனுப்பலாம் என்று தோன்றும்.

தொகையைவிடச் சின்னதும் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். எந்தப் பெயரில் சேமித்திருக்கிறார்கள்? ஒரு டீக்கடையில் பக்கத்திலிருந்தவர் போனில் விரலோட்டித் தேடும்போது எட்டிப் பார்த்தேன், தப்புதான். 'பவுடர் கோட்டிங் சிட்கோ', 'வெல்டிங் அண்ணன் பம்மல்', 'லேத் லேட்'. கடைசிப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினேன். மனிதர் வேலை நன்றாகச் செய்வார் போலிருக்கிறது, இல்லாவிட்டால் எண்ணை அழித்திருப்பார். ஆனால் சொன்ன நாளில் தரமாட்டார். அவர் எத்தனை ஸ்டேட்டஸ் போட்டாலும், 'குறித்த நேரத்தில்' என்று எத்தனை தடவை எழுதினாலும், இந்த ஆள் போனில் ஒவ்வொன்றின் தலையிலும் 'லேட்' என்ற இரண்டெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். இத்தனை சின்ன விளம்பர வாசகத்தை, அதுவும் வாடிக்கையாளர் கையால் எழுதியதை, நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சொல்லே இல்லாததும் ஒன்று. நண்பர் ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு விநாடி வீடியோ போட்டிருந்தார். உளி உருளையைத் தொடுகிறது, இரும்புச் சுருள் நீலமாகப் பிரிந்து வந்து விழுகிறது. வழக்கமாக எல்லாரும் அடியில் ஒரு சினிமாப் பாட்டை ஓட விடுவார்கள். இவர் மெஷின் சத்தத்தையே விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சத்தம் கேட்டாலே தெரிஞ்சுடும் சார், அதிர்வு இருக்கா இல்லையான்னு. பாட்டு போட்டா எதையோ மறைக்கிறோம்னு நினைப்பான்." எழுத்து பூச்சியம். எனக்கு அது ஒரு சத்தம். தொழில்காரன் காதுக்கு அது சான்றிதழ்.

அந்தத் திங்கட்கிழமை ஸ்டேட்டஸுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரைக்காக அதை எழுத்து பிசகாமல் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று செவ்வாய் இரவு போனைத் திறந்தேன். இருபத்து நாலு மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் மறையும் என்பது நினைவிருந்தது. ஆனால் காலையில் மறுபடியும் போட்டிருந்தாரே, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் படத்தைச் சுற்றியிருந்த பச்சை வளையத்தைக் காணோம். கூப்பிட்டேன். பின்னால் இரைச்சல், அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"அதை மத்தியானமே எடுத்துட்டேன் சார். ரெண்டும் ஓடுது."